துத்தம் கட்டிய குட்டை

பரசுராமனின் கழனியை எடுத்துக்கொண்ட கம்பெனி, அந்தக் கழனியிலேயே ஒரு குட்டையை வெட்டி, அதற்கு அவரையே காவல் வைத்தது. இதைவிடப் பெரிய கிண்டலை எந்தக் கூத்திலும் பார்த்திருக்க முடியாது. ஒரகடத்துக்கு மேற்கே மேட்டுப்பாக்கத்து எல்லையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. ஆட்கள் தங்க வரிசையாக வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளின் கக்கூஸ் தண்ணீரும் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் எங்கே போவது என்று பார்த்தபோது பள்ளமாகக் கிடந்தது பரசுராமனின் கழனிதான். பள்ளத்தில் இருப்பவன் தலையில்தான் எல்லாம் வந்து விழும். தண்ணீரும் அப்படித்தான், சர்க்காரும் அப்படித்தான்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். காலையில் பரசுராமன் காக்கி அரைக்கால்சட்டையை மாட்டிக்கொண்டு, மூங்கில் கழியில் கட்டிய இரும்பு வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு குட்டைக்குப் போவார். தண்ணீர் வந்து விழும் வாயில் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. குவார்ட்டர்ஸ்காரர்கள் வேண்டாம் என்று விட்டதெல்லாம் அதில் வந்து மாட்டும். கந்தல் துணி, வாழைப்பூ மடல், பெண்கள் சீவிப் போட்ட மயிர்ச்சுருள், ஒருநாள் ஒரு முழுப் பல்செட்டு. அதைக் கழுவி வேலிக் கம்பத்தில் வைத்தார். உடையவர் யாரும் கேட்டு வரவில்லை. பல்லைவிட மானம் பெரியது.

வாரி முடித்துக் கரை மேட்டில் ஏற்றிக் கொட்டி மண் போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது. மீதியைக் குட்டையே பார்த்துக்கொள்ளும் என்று ஓவர்சியர் தாவீது சொல்லியிருந்தார். தண்ணீர் அதில் பல நாள் வெயிலில் கிடக்கும். கிடந்து கிடந்து, அந்தக் கோடியில் பலகை வைத்த மதகு வழியாக மெல்ல வெளியே வந்து பழைய கால்வாயில் இறங்கும். கால்வாய் மேட்டுப்பாக்கத்தைச் சுற்றிக்கொண்டு கீழே புதுத்தாங்கல் ஊரின் ஏரிக்குப் போகும். ஏரி என்றால் பெரிய ஏரி இல்லை. பேரே தாங்கல்.

வெளியே வருகிற தண்ணீரைத் தாவீது ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து மூக்கருகே வைத்து, வாடையே இல்லை பார் என்று காட்டுவார். ஊரில் யாரும் நம்பவில்லை. பரசுராமனும் நம்பவில்லை. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவன் கம்பெனித் தண்ணீரை நாறுகிறது என்றா சொல்வான்? ஆனால் கால்வாயில் தவளை கத்தியது. கொக்கு நின்றது. எந்தக் கோடையிலும் வறண்டுபோகிற புதுத்தாங்கலில் பங்குனியிலும் முழங்கால் தண்ணீர் இருந்தது. அதில் கன்றுகாலிகள் இறங்கிக் குடித்தன. எங்கிருந்து அந்தத் தண்ணீர் என்று அந்த ஊரில் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் அப்புறம் எப்படிக் குடிப்பது.

ஊரில் பரசுராமனுக்குக் கலீஜுக்குட்டைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் மூக்கை உறிஞ்சுவான், சும்மா வேடிக்கைக்கு. அவரும் சிரித்துவிட்டு வருவார். சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து மனைவி செங்கமலத்திடம் சோப்பு கேட்டு இரண்டாம் தடவை குளிப்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் புதுத்தாங்கல் பொன்னுரங்கம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பொன்னுரங்கம் அந்த ஊரில் மதகு திறக்கிற முறைக்காரர். யார் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று அவர் சொன்னதுதான் பேச்சு. அவருடைய ஒரே மகன் பாண்டுரங்கன் இதே பம்பு கம்பெனியில் லேத்து ஓட்டினான். பரசுராமனுக்கு மத்தியானச் சோறு கொண்டுவரும் மகள் அம்சவல்லியை அவன் ஷிப்டு விட்டுப் போகும்போது பார்த்திருக்கிறான் என்று செங்கமலம் கண்டுபிடித்தாள். பரசுராமனுக்கு அது போதவில்லை. நல்ல இடம் தானாக வாசலுக்கு வருகிறது என்றால் அதில் ஏதோ ஓட்டை இருக்கும் என்று விசாரித்தார். பையன் குடிக்கவில்லை. சீட்டு ஆடவில்லை. ஓட்டை கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. முடிவான அன்று சாயங்காலம் கரையில் நின்று குட்டையைப் பார்த்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் குவார்ட்டர்ஸைத் தாண்டி இந்தக் கரை மேல்தான் நடந்து வரவேண்டும். குட்டையோ இலையை அரைத்துக் கரைத்த மாதிரி கரும்பச்சையாகக் கிடக்கிறது. ஊர்க் குளம் ஒன்று இப்படிப் பச்சை பிடித்துக் கிடந்தால் அந்த ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கிப் பாசியை வாருவதுதான் எந்த ஊரிலும் வழக்கம். தன் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கவேண்டுமா?

இந்த இடம் கழனியாக இருந்த காலத்தில், நட்ட பயிரை மூடிப் பச்சைப் பாசி படர்ந்தால் அவர் செய்வது ஒன்றுதான். மயில்துத்தத்தைத் துணிப் பையில் கட்டி, தண்ணீர் பாயும் வாய்மடையில் போட்டுவிடுவார். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு கழனி முழுக்கப் போகும். பாசி வெளுத்துச் செத்துவிடும். அதே கழனி. வாயும் கிட்டத்தட்ட அதே இடம்.

மறுநாள் சுங்குவார்சத்திரத்து உரக்கடையில் நீலக் கற்கண்டு மாதிரி துத்தம் வாங்கி வந்தார். செங்கமலம் அதைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஓவர்சியரு கைல ஒரு வார்த்த கேட்டுக்கினு செய்யக் கூடாதா?"

"அவன் வேணாம்பான்."

"வேணாம்னா வேணாம்னு வுட்டுடு."

"என் கழனிமே அது. எனக்குத் தெரியாத வாய்மடையா?"

"உன் கழனி போயி எத்தினி வருசம் ஆவுது. இப்போ அது அவங்க குட்ட."

"குட்டையா இருந்தா இன்னா, கழனியா இருந்தா இன்னா. பாசி பாசிதான்."

அம்சவல்லி தன் பழைய பாவாடையைக் கிழித்துப் பைகள் தைத்துக் கொடுத்தாள். ஊர் உலகத்தில் குட்டைக்குப் பாவாடை தைத்தவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். பரசுராமனும் சிரித்தார். பொழுது விடிந்ததும் யாரும் வருவதற்கு முன்னால் போய்ப் பைகளைக் கம்பித் தடுப்பில் வரிசையாகக் கட்டிவிட்டு வந்தார். தண்ணீர் நீலக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

பாசி செத்தது. அவர் கணக்கு தப்பவில்லை. பச்சை முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தூளாக அடியில் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் தண்ணீர் வடிகட்டின மாதிரி தெளிந்து, கரையோரம் அடிமண் வரைக்கும் தெரிந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, இத்தனை நாள் இந்த மனுஷன் ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்டாளாம். பரசுராமன் கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் ஒரு தடவைதான் குளித்தார்.

அந்தத் தெளிவு இரண்டு நாள் இருந்திருக்கும். பிறகு தண்ணீரில் சாம்பல் படர்ந்தது. அடியிலிருந்து உலை கொதிக்கிற மாதிரி கொப்புளம் வந்தது. ஒரு கொப்புளம் உடைந்தால் ஒரு கூடை அழுகிய முட்டை உடைந்த நாற்றம். அடுத்த காலை குட்டை கருப்பாகக் கிடந்தது, லாரி எஞ்சினில் வடித்த ஆயில் மாதிரி. மதகு வழியாக அந்தக் கருப்பு கால்வாயில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கொக்கு ஒன்றுகூட இல்லை. கால்வாயோரம் தவளைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

பரசுராமன் பைகளை அவிழ்த்துக் கரை மண்ணில் புதைத்தார். முதலில் அதைத்தான் செய்தார். அப்படித்தான் எவனும் செய்வான்.

தாவீது சைக்கிளில் வந்தார். ராயபுரத்துக்காரர், ஒல்லி ஆள், எதற்கும் உடனே பேசமாட்டார். கழியை வாங்கி ஒரு தடவை கலக்கிப் பார்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். செத்துப்போச்சு என்றார். எது சார் என்று பரசுராமன் கேட்டார்.

"பச்சதான். பின்ன இந்தக் குட்டையில யாரு வேல செய்யறான்னு நெனச்சே, நீயா நானா?"

தாவீது கழியால் தண்ணீரைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தப் பச்ச வெய்யிலத் தின்னுட்டு நல்ல காத்த வுடுதுய்யா. அந்தக் காத்துலதான் அழுக்கத் திங்கற பூச்சிங்க உசுரோட கீது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பச்ச செத்தா அதுங்களும் செத்துது. அப்பறம் குவார்ட்டர்ஸ்லேந்து இன்னா வருதோ அது வந்தபடியே கால்வாய்க்குப் போவும். போயிகினு கீது, பாரு."

அவர் சொன்னது மற்ற நாளாக இருந்தால் பரசுராமன் ஒரு காதில் வாங்கி மற்றக் காதில் விட்டிருப்பார். அன்று ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போய் உட்கார்ந்தது. கம்பெனிப் பட்டறையிலிருந்து யாரோ ஏதோ கொண்டுவந்து ஊற்றியிருக்க வேண்டும், தடுப்புப் பக்கம் எதையாவது பார்த்தாயா என்று தாவீது கேட்டார். பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டு, கம்பெனியில் என்னத்தையோ ஊற்றியிருப்பார்கள் என்றார். ஆசிட்டா இருக்கும் சார், என்றும் சேர்த்துக்கொண்டார். பொய்க்கு ஒரு கால் போதாது, இரண்டாவது கால் வைத்தால்தான் நிற்கும்.

அந்தப் பொய் அவருக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. கம்பெனிக்காரன் ஆசிட் விட்டுவிட்டான் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. கழனி கொடுத்தவன், கொடுக்காதவன், வேலை கேட்டுக் கிடைக்காதவன் எல்லாரும் அதை ஆசையாக நம்பினார்கள். பரசுராமன் பெஞ்சில் உட்கார்ந்தால் இப்போது யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. பாவம், அவர் என்ன செய்வார் என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இப்படியே போய்விட்டால் போதும் என்றுதான் நினைத்தார். தட்டு மாற்றிவிட்டால் அப்புறம் எந்தக் கருப்பு வந்தாலும் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கனும் அவன் தாய் பாப்பம்மாளும் பஸ்ஸில் வந்து இறங்கிக் கரை வழியாக வந்தார்கள். பாப்பம்மாள் முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். வீட்டுக்குள் வந்த பிறகும் எடுக்கவில்லை. செங்கமலம் ஊதுவத்தி ஒரு கட்டையே கொளுத்தி வைத்திருந்தாள். அதனால் ஊதுவத்தியும் சேர்ந்து நாறியது. தட்டில் சொஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் ஆறிக்கொண்டிருந்தன. பாண்டுரங்கன் மட்டும் ஒரு பஜ்ஜியை எடுத்து மெல்ல மென்றான். மரியாதைக்கு மென்றானா பசிக்கு மென்றானா என்று பரசுராமன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் பஸ்ஸில் வரவில்லை. தாங்கல் தண்ணீர் கருத்ததைப் பார்த்துவிட்டு, காலையிலேயே கிளம்பி, கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தே வந்தார். முழங்கால் வரைக்கும் கருப்புச் சேறு. வாசலில் செங்கமலம் ஊற்றிய தண்ணீரில் காலைக் கழுவினார். கழுவக் கழுவ வாசல் நாறியது. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, பெண்ணைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை.

கால்வாயில் தான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தத் திருப்பத்தில் மீன் செத்துக் கிடந்தது, எந்த இடத்தில் நாணல் வெந்த மாதிரி சாய்ந்தது, எல்லாம். மாடுகள் தாங்கலில் இறங்கி, மோந்து பார்த்து, அப்படியே திரும்பி வந்துவிட்டன. தெருவுக்குத் தெரு ஆள் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு ஊர் திரண்டு வந்து மதகை மண்ணால் அடைக்கப்போகிறார்கள். அந்தத் தண்ணீர் குவார்ட்டர்ஸ்காரன் வீட்டுக்குள்ளேயே திரும்பிப் போகட்டும்.

"அந்த ஓவர்சியர் இருக்கானே, வாடையே இல்லன்னு கிளாஸ்ல புடிச்சிக் காட்டுவானாமே. நாளைக்கி அத்த அவன் வாயிலயே ஊத்தறன் பாருங்க. நீங்க ஊருக்கு முன்னால நின்னு, ஆசிட்ட ஊத்தினத கண்ணால பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

பரசுராமன் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. சொன்னால் நாளைக்கு ஊருக்கே பெரிய மனிதர், நாளை மறுநாள் பொன்னுரங்கத்துக்குச் சம்மந்தி. தாவீது அவருக்கு அண்ணனா தம்பியா? இந்தக் கால்சட்டையை மாட்டிவிட்டவனே அவன்தானே. சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் அம்சவல்லி காபித் தட்டோடு வந்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுகிற வழக்கம் கிடையாது. தலை குனிந்து காபியைக் கொடுத்து, விழுந்து கும்பிட்டு, உள்ளே போய்விடவேண்டும். அம்சவல்லி காபியைக் கொடுத்தாள். கும்பிடவில்லை. நின்றாள்.

"ஓவர்சியரு மேல தப்பு இல்லீங்க. ஆசிட்டெல்லாம் யாரும் ஊத்தல. குட்ட பச்சையா கீதேன்னு, நீங்கள்லாம் வர்ரீங்களேன்னு, துத்தம் கட்டினோம். பைய தெச்சது நான்தான்."

செங்கமலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், மகளை இழுத்துக்கொண்டு போக. அதற்குள் பரசுராமன் தலையைத் தூக்கிவிட்டார்.

"அவ சும்மா தெச்சா. கட்டினது நான். வேணாம்னுதான் சொன்னா என் பொண்டாட்டி. நான்தான் என் கழனின்னு நெனச்சிகினு கட்டிட்டேன். பைங்க கரைல பொதச்சிக் கெடக்குது. தோண்டிக் காட்டறேன், வாங்க."

பொன்னுரங்கம் காபியை ஒரு மடக்கு குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். கழனிக்காரனுக்குக் கழனிக்காரன் கேட்கிற கேள்விதான் முதலில் வந்தது.

"எவ்ளோ கட்டினீங்க?"

பரசுராமன் சொன்னார்.

"கழனிக்கு அது சரியான அளவுதான்."

அதைச் சொன்ன பிறகு அவருக்குக் கோபம் திரும்பி வந்தது. எழுந்து நின்றார். பாப்பம்மாளும் முந்தானையோடு எழுந்தாள். பாண்டுரங்கன் கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைப்பதா வாயில் போடுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என் ஊரு மாடு ஏரித் தண்ணி குடிக்காம நிக்குது. அதுங்க கைல போயி நான் கல்யாணப் பேச்சு பேசிட்டு வந்தேன்னு சொல்ல முடியுமா? அதுங்க தண்ணி குடிக்கட்டும். அப்பறம் மத்ததப் பேசலாம். நாளைக்கி ஆளுங்கள நான் வரவேணாம்னு சொல்லிடறேன். தண்ணி சரியாவற வரைக்கும் மதக நீங்களே அடைச்சி வைங்க."

அவர்கள் போன பிறகு வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. செங்கமலம் ஆறிய பஜ்ஜியை எடுத்து மூன்று பேருக்கும் சாப்பிடக் கொடுத்தாள். நாற்றம் பழகிவிட்டது.

மறுநாள் காலை பரசுராமன் தாவீதிடம் போய்ச் சொன்னார். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னார். தாவீது சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். யோவ், நீ குட்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாய், ஆனால் அதில் வேலை செய்த ஆளைக் கொன்றுவிட்டாய் என்றார். மேனேஜரிடம், வெயிலுக்குக் குட்டை நோய்ப்பட்டது, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். பொய்தான். பாதி கம்பெனிக்கு, பாதி பரசுராமனுக்கு. ஓர் அதிகாரி தனக்காக இப்படிப் பொய் சொல்வார் என்று பரசுராமன் எதிர்பார்க்கவில்லை. அதனால் அன்றைக்குப் பூராவும் தாவீதின் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான் என்று தாவீது சொன்னார். மதகுப் பலகையை இறக்கி அடைக்கவேண்டும். குவார்ட்டர்ஸ் தண்ணீரில் பாதியைக் கொஞ்ச நாளைக்குக் கம்பெனித் தென்னந்தோப்புப் பள்ளத்துக்குத் திருப்பிவிடவேண்டும். அப்புறம் எங்கேயாவது நல்ல பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, குட்டையில் ஊற்றவேண்டும். பச்சை பிடித்தால் பிழைத்தது.

நல்ல பச்சைத் தண்ணீரைத் தேடிப் பரசுராமன் அலைந்த அலைச்சலை ஊர் வேடிக்கை பார்த்தது. கோயில் குளத்துப் படியில் நின்று எட்டிப் பார்த்து, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிற மனிதனை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. விசாரித்ததில், அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மட்டமான தண்ணீர் புதுத்தாங்கல் எருமைக் குட்டையில்தான் என்று தெரிந்தது. வருஷம் முழுக்க எருமை படுத்துக் கிடக்கிற குட்டை. பச்சை பாயசம் மாதிரி கெட்டியாக இருக்குமாம். அந்த ஊரில் காலை வைக்க அவருக்கு முகம் இல்லை.

அது தெரிந்த அடுத்த நாள் மத்தியானம் கரை மேல் ஒரு மாட்டு வண்டி வந்தது. மேலே மூன்று டிரம். ஓட்டி வந்தவன் பாண்டுரங்கன். காலை ஷிப்டு முடிந்து ஊருக்குப் போய், அப்பா இல்லாத நேரம் பார்த்து வண்டியைப் பூட்டியிருக்கிறான். பரசுராமனிடம் பத்து வார்த்தை பேசவில்லை. தாவீது சார் சொன்னாரு, எங்க ஊரு குட்டத் தண்ணி, என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினமும் வந்தான். டிரம்மிலிருந்து குடத்தில் மொண்டு மொண்டு குட்டையைச் சுற்றி ஊற்றவேண்டும். ஒரே இடத்தில் ஊற்றினால் பச்சை செத்துப்போகும் என்று தாவீது சொல்லியிருந்தார். செங்கமலமும் அம்சவல்லியும் குடம் கொண்டு வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் நடையில் ஊற்றிய பச்சை மறுநாள் காணாமல் போனது. கருப்பு அதைத் தின்றுவிட்டது. இரண்டாவது நடையும் அப்படித்தான். பரசுராமனுக்கு மனசு விட்டுப்போனது. இந்தப் பச்சை கதையே படித்தவர்கள் கட்டியதோ என்றுகூட ஒரு நாள் நினைத்தார். நினைத்துக்கொண்டே குடத்தைத் தூக்கினார்.

ஒரு மத்தியானம் வண்டிக்கு அந்தப் பக்கம் மகளும் அந்தப் பையனும் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"இன்னிக்கி தண்ணி எப்பிடி கீது?"

"தெளிவா கீது. எருமைங்க சரியா படுக்கல போல," என்றாள் அம்சவல்லி.

"எருமைய இன்னா செய்ய சொல்ற?"

"நாளைக்கி இன்னும் கொஞ்சம் கலீஜா கொண்டாங்க."

"சரிங்க," என்றான் பாண்டுரங்கன், பயபக்தியாக.

பரசுராமன் இருமவேண்டும் என்று நினைத்தார். இருமவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குட்டையின் அடுத்த கோடிக்குப் போய்விட்டார்.

பொன்னுரங்கத்துக்கு எல்லாம் தெரியும். மாட்டின் கால் குளம்பைப் பார்த்தே அது எங்கே போய்விட்டு வந்தது என்று சொல்கிறவருக்குத் தன் வண்டி போவது தெரியாதா. வண்டி கிளம்பும் நேரத்துக்கு வீட்டில் இல்லாதபடி அவர்தான் பார்த்துக்கொண்டார் என்று பாப்பம்மாள் பிற்பாடு சொன்னாள். அவரும் சும்மா இருக்கவில்லை. கால்வாய் தாங்கலில் சேரும் வாயை மண்ணால் அடைத்தார். தாங்கலில் நின்ற கருப்பைத் தரிசு நிலத்துக்குத் திருப்பி வடித்துவிட்டார். ஊர்க்காரர்கள் கேட்டபோது, வேலை நடக்கிறது, பொறுங்கள் என்று மட்டும் சொன்னாராம். யார் செய்த தப்பு என்று கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

சித்திரை பிறந்தது. ஒருநாள் காலை தடுப்பை வாரப் போன பரசுராமன், கிழக்குக் கரையோரம் தண்ணீரில் மெல்லிய பச்சைத் திரை ஒன்றைப் பார்த்தார். இலைக் கொழுந்தைக் கசக்கிப் பிழிந்த மாதிரி ஒரு நிறம். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கையை விட்டுத் தொடப் பயமாக இருந்தது. கலைந்துவிட்டால்? வேலையை விட்டுவிட்டு வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தார். வெயில் ஏற ஏறப் பச்சை ஏறியது. கொப்புளம் நின்றது. சில நாளில் பாதிக் குட்டை, பிறகு முழுக் குட்டை. ஒரு காலத்தில் மானம் போகிறது என்று அவர் எதைப் பார்த்து வெட்கப்பட்டாரோ அது கரைக்குக் கரை நிறைந்து நின்றது. குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி, மறுபடியும் பாசி பிடித்துவிட்டதே, அதைக் கொஞ்சம் வாரக்கூடாதா என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் நடையைக் கட்டினாள்.

தாவீது குவளையில் பிடித்துப் பார்த்தார். முதல் தடவை மதகைத் திறக்கவேண்டாம் என்றார். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். பிறகு ஒருநாள் காலை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, குவளையைப் பரசுராமனிடம் நீட்டினார். பரசுராமன் மோந்து பார்த்தார். மழை விட்ட கழனி வாடை. பலகையைத் தூக்கச் சொல்லித் தாவீது தலையை ஆட்டினார்.

தண்ணீர் காய்ந்த கால்வாயில் இறங்கியது. வெடித்த மண் அதைக் குடித்துக் குடித்துத்தான் விட்டது. பரசுராமன் அதன் முனையோடு கூடவே நடந்தார். அது நின்றால் நின்றார். சருகு அடைத்த இடத்தில் காலால் தள்ளிவிட்டார். தண்ணீர் ஒரு வளைவில் தயங்கிப் பள்ளத்தில் தேங்கியபோது, வா, வா என்று வாய்விட்டே சொன்னார். செத்த நாணலில் அடியிலிருந்து முளை விட்டிருந்தது. வழியில் கழனியில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். புதுத்தாங்கலுக்குப் போகிறேன் என்றார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தண்ணீரும் அவரும் தாங்கலுக்கு வந்து சேர்ந்தார்கள். யார் சொல்லிவிட்டார்களோ, பொன்னுரங்கம் ஏற்கெனவே அங்கே இருந்தார். வண்டிக் காளை ஒன்றைக் கயிற்றில் பிடித்திருந்தார். காலையிலிருந்து அதற்குத் தண்ணீர் காட்டவில்லை என்பது அதன் நாக்கைப் பார்த்தால் தெரிந்தது. அவர் பரசுராமனை வாங்க என்று சொல்லவில்லை. மண்வெட்டியால் வாயை அடைத்திருந்த மண்ணில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிவிட்டு, மண்வெட்டியைக் கரைமேல் எறிந்தார். தண்ணீர் உள்ளே இறங்கி ஒரு பள்ளத்தில் நிறைந்தது.

காளை தலையைக் குனிந்து மோந்தது. தலையைத் தூக்கிச் சீறியது. பரசுராமன் தரையைப் பார்த்துக்கொண்டார். மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயை நாக்கால் துழாவி விரட்டிவிட்டு அது மறுபடி குனிந்தது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்புறம் நிற்கவில்லை. அதன் வயிறு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு வருவதைப் பரசுராமன் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

காளை குடித்து முடித்த பிறகு பொன்னுரங்கம் கயிற்றைப் பரசுராமன் பக்கம் நீட்டினார்.

"சம்மந்தி, இத்த கொஞ்சம் புடிங்க. வாய இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டி வுடறேன்."

பரசுராமன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.